வகுப்பறையில் ஒரு பாட்டுத் திரட்டு

தோற்றுவாய்

பாட்டை இயற்றியோர்க்கு உலகம் அளிக்கும் புகழைப் பாட்டைத் தொகுத்தோர்க்கு அளிப்பதில்லை. கபிலரையும் ஔவையாரையும் அறிந்த மாணவர், குறுந்தொகையைத் தொகுத்த பூரிக்கோவை அறியார். அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மரை அறியார். தேர்வுக்கு முதல்நாள் இப்பெயர்களை மனனம் செய்வர். தேர்வு முடிந்த மறுநாள் மறப்பர். ஆயினும் தொகுத்தோர் இலராயின் கபிலரும் ஔவையாரும் நம் கைக்கு வந்து சேர்ந்திரார் என்பது வெள்ளிடைமலை.

இவ்வுண்மையைச் சொல்லிக் கேட்பது ஒருவகை. தாமே ஒரு தொகுப்பைச் செய்து பார்த்து உணர்வது மற்றொரு வகை. இரண்டாவது வகையை நாடி, கடந்த சில ஆண்டுகளாக இளநிலை முதலாண்டு மாணவ மாணவியர்க்கு ஒரு பயிற்சி அளித்துவருகிறேன். ஒரு பொருளைத் தெரிந்துகொண்டு, அப்பொருள் தழுவிய பத்துப் பாடல்களைத் திரட்டி, முறைப்படுத்தி, முறைப்படுத்தியதற்குக் காரணங் காட்டி, வகுப்பின் முன்னே வைத்தல் வேண்டும். இக்கால இளைஞர் 'பிளேலிஸ்ட்' என்று வழங்கும் பாடல் நிரலே இது.

"இது மதிப்பெண்ணுக்கு உதவாத விளையாட்டு" என்றனர் சிலர். "பாட்டுக் கேட்பதற்கா கல்லூரி?" என்று வினவினர் வேறு சிலர். அவர்களுக்குக் கூறும் விடையாகவே இக்கட்டுரை அமைகிறது.

தகடூர் தரும் சான்று

நான் பிறந்து வளர்ந்த கம்பைநல்லூர், தருமபுரி மாவட்டத்தில் தென்பெண்ணையாற்றுக்கு அணித்தே அமைந்த ஊர். தருமபுரியின் பழம்பெயர் தகடூர் என்பதை யாவரும் அறிவர். அத்தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறைக்கும் இடையே நிகழ்ந்த பெரும்போரைப் பொருளாகக் கொண்டு, 'தகடூர் யாத்திரை' என்றொரு நூல் வழங்கிவந்தது. எங்கள் மண்ணின் கதையைச் சொன்ன அந்நூல் இன்று முழுமையாக இல்லை. ஏடுகள் அழிந்தன.

அழிந்தும் முற்றும் அழியவில்லை. அதன் செய்யுட்கள் பல நமக்குக் கிடைத்துள்ளன. எவ்வாறு கிடைத்தன? தொல்காப்பிய உரையில் மேற்கோளாக வந்தன சில. புறத்திரட்டு என்னும் தொகைநூலின் வாயிலாக வந்தன பல. பெயர் அறியப்படாத ஒரு சான்றோர், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர், திருக்குறளின் அமைப்பை அடியொற்றிப் பொருள்வாரியாகத் தலைப்புகள் வகுத்து, பழைய நூல்களிலிருந்து அவ்வத் தலைப்புக்குப் பொருந்திய செய்யுட்களைத் தெரிந்தெடுத்து நிரல்படுத்தினார். 1,570 செய்யுட்கள் கொண்ட அத்தொகுப்பைப் பேராசிரியர் ச. வையாபுரிப் பிள்ளை பதிப்பித்தார்.

அத்தொகுப்பாளர் அழியும் நூல்களைக் காக்க எண்ணினாரோ இல்லையோ நாம் அறியோம். அவர் செய்தது பொருளுக்கு ஏற்ற பாட்டைத் தேடியதே. அத்தேடலால் தகடூர் யாத்திரை ஓரளவு பிழைத்தது. முத்தொள்ளாயிரத்தின் நூற்றுக்கு மேற்பட்ட வெண்பாக்கள் பிழைத்தன. வளையாபதியின் செய்யுட்கள் பல பிழைத்தன. தலைப்பிட்டுத் தொகுத்த ஒருவரின் கை மூன்று நூல்களுக்கு மறுவாழ்வு அளித்தது எனலாம். முதல்நாள் வகுப்பில் இதனை நான் சொல்லும்போது, தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகளின் முகத்தில் தோன்றும் மாற்றத்தைக் கண்டிருக்கிறேன். தொகுத்தல் என்பது பொழுதுபோக்கு அன்று என்பதை அப்பொழுதே அவர்கள் உணர்ந்துவிடுகின்றனர்.

முறைவைப்பு என்னும் கலை

தொகுத்தல் வேறு, குவித்தல் வேறு. கையில் கிடைத்தனவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேர்ப்பது குவியல். தெரிவும் முறையும் உடையதே தொகை. சங்கத் தொகைநூல்கள் முறைவைப்புக்குத் தரும் பாடங்களுள் மூன்றினை மட்டும் ஈண்டுக் காட்டுவேன்.

முதலாவது, அகநானூறு. அதன் நானூறு பாடல்களும் எண்வழியே திணை குறித்து நிறுத்தப்பட்டுள்ளன. ஒற்றைப்படை எண் பெற்றன யாவும் பாலை. இரண்டும் எட்டும் என வருவன குறிஞ்சி. நான்கு என வருவன முல்லை. ஆறு என வருவன மருதம். பத்து என வருவன நெய்தல். எனவே எந்தப் பாட்டைப் படித்தாலும் அடுத்த பாட்டில் நிலம் மாறும். ஆயினும் ஒன்றுவிட்டு ஒன்று பாலையின் வெம்மை திரும்பத் திரும்ப வந்துகொண்டேயிருக்கும். பிரிவே இந்நூலின் உயிர்நாடி என்பதைத் தொகுத்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் உணர்த்திவிட்டார். அந்நூலின் மூன்று பகுதிகளுக்கு இடப்பட்ட களிற்றியானை நிரை, மணிமிடை பவளம், நித்திலக்கோவை என்னும் பெயர்களும் நோக்கற்பாலன. தொகுப்புக்குத் தலைப்பிடக் கற்கும் மாணவர்க்கு இவற்றினும் சிறந்த முன்மாதிரி வேண்டுவதில்லை.

இரண்டாவது, ஐங்குறுநூறு. திணைக்கு நூறாக ஐந்நூறு பாடல்கள். ஒவ்வொரு நூறும் பப்பத்தாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பெயர் சூட்டப்பட்டுள்ளது. வேட்கைப் பத்து, தொண்டிப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து என்பன அவற்றுட் சில. ஒரு பொருள், பத்துப் பாட்டு, ஒரு தலைப்பு! என் மாணவர்க்கு நான் பத்து என்னும் எண்ணை வரையறுத்தது இதனை நினைந்தே.

மூன்றாவது, புறநானூறு. அதன் 87ஆம் பாட்டு முதல் 104ஆம் பாட்டு முடியப் பதினெட்டுப் பாடல்களும் ஔவையார் பாடியவை; அதியமானையும் அவன் மகன் பொகுட்டெழினியையும் பற்றியவை. ஆனால் அதியமான் மறைந்தபின் ஔவையார் கலங்கிப் பாடியவை இவற்றோடு இல்லை. 231, 232, 235 என்னும் எண்களில், பிற புலவர்கள் பிற வள்ளல்களை இழந்து பாடிய பாடல்களுக்கு நடுவே அவை நிற்கின்றன. பாரியை இழந்து கபிலர் பாடிய பாடல்களோ 113 முதலாகப் பாரியின் புகழ்ப்பாடல்களை அடுத்தே தொடர்கின்றன. ஓரிடத்தில் ஆளை நோக்கியும் மற்றோரிடத்தில் பொருளை நோக்கியும் வைத்தது ஏன்? இவ்வினாவை வகுப்பில் எழுப்பினேன். "அவ்வளவு புகழ்ச்சியையும் கேட்ட உடனே அழுகையைக் கேட்டால் மனம் தாங்காது ஐயா; அதனால் தள்ளி வைத்தார்" என்றான் ஒரு மாணவன். "தள்ளி வைத்ததால்தான், அவரை மறந்திருந்த நேரத்தில் அடி விழுகிறது" என்றாள் ஒரு மாணவி. எது சரி என்று நான் தீர்ப்புரைக்கவில்லை. புறநானூற்றின் வரிசை குறித்து முதலாண்டு மாணவர் இருவர் வாதிட்டதே எனக்குப் போதிய ஊதியமாயிற்று.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். பரிபாடலின் பாடல்களுக்குப் பாடிய புலவர் பெயரோடு, இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. இன்று கைப்பேசித் திரையில் பாடகர் பெயர் தோன்றுகிறது; நடிகர் படம் தோன்றுகிறது; பாட்டை எழுதியவர் பெயரைத் தேடித்தான் காணவேண்டியுள்ளது. பழந்தமிழர் இவ்வகையில் நம்மினும் நேர்மையுடையோர்.

பண்ணும் தலமும், காண்டமும் கண்ணியும்

ஒரே பாடல்களைப் பல வகையில் நிரல்படுத்தலாம் என்பதற்குத் தேவாரம் தக்க சான்று. பண்வரிசையில் தொகுத்தால் அது பண்முறை. ஊர்வரிசையில் தொகுத்தால் அது தலமுறை. பாடுவோர்க்கு முன்னது உதவும். வழிபடச் செல்வோர்க்குப் பின்னது உதவும். யார்பொருட்டுத் தொகுக்கிறோம் என்பதே முறையைத் தீர்மானிக்கிறது.

இசுலாமியத் தமிழிலும் இவ்வுணர்வைக் காணலாம். உமறுப்புலவர் சீறாப்புராணத்தை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் எனப் பெருமானாரின் வாழ்வு நெறிக்கேற்ப வகுத்தார். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் கண்ணி, பதிகம், கீர்த்தனை என யாப்பும் இசையும் பற்றி நிற்கின்றன. முனாஜாத்து என்றால் இறைஞ்சுதல்; மசலா என்றால் வினாவும் விடையும்; கிஸ்ஸா என்றால் கதை; படைப்போர் என்றால் போர். பெயரைக் கேட்டவுடனே பொருள் விளங்கும்படி நம் முன்னோர் வகைப்படுத்திவைத்தனர்.

வானொலியும் ஒலிநாடாவும்

பொருள்வாரியாகப் பாட்டைத் தொகுக்கும் பழக்கத்தை அண்மைக் காலத்தில் பொதுமக்களிடையே பரப்பியது வானொலியே. 1952ஆம் ஆண்டு தொடங்கி அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கியபோது, மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினர். அவ்வாண்டே அமீன் சயானியின் இந்திப் பாடல் வரிசை அங்கே தொடங்கியது. 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கப்பெற்றது. தமிழ்ச் சேவையில் எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது முதலியோரின் குரல்கள் தமிழகத்து இல்லங்களில் உறவினர் குரல்களாகவே மதிக்கப்பட்டன. அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னர்த் தொலைக்காட்சிக்கும் வந்தது. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே அவர்கள் உரைத்த இரண்டொரு வாக்கியங்கள்தாம் அந்நிகழ்ச்சிகளின் உயிர். அழகிய தமிழில், பிழையற்ற ஒலிப்பில் அமைந்த அவ்விணைப்புரைகளைக் கேட்டுத் தமிழ் பயின்றோர் பலர். அவர்களுள் யானும் ஒருவன்.

அடுத்து வந்தது ஒலிநாடாக் காலம். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு ஒலிநாடா, 1980களிலும் 1990களிலும் சிற்றூர்களையும் எட்டியது. விரும்பிய பாடல்களை ஒரு தாளில் எழுதிக் கடையில் கொடுத்தால், அவற்றைப் பதிந்து தருவர். அறுபது நிமிட நாடாவில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறேழு பாடல்களே கொள்ளும். ஒன்றைச் சேர்க்க வேண்டுமெனின் ஒன்றை நீக்க வேண்டும். அத்தாளை எழுதுவதற்கு நாங்கள் நாள்கணக்கில் சிந்தித்தோம்.

ஈண்டு என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். என் நன்னி, அஃதாவது தாயைப் பெற்ற பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் தாலாட்டும், திருமண வீட்டில் பெண்கள் பாடும் பாட்டும், மழை வேண்டி இறைஞ்சும் பாட்டும் அவர் நாவில் இருந்தன. ஒரு நோன்புப் பெருநாளன்று அத்தா அவரைப் பாடச் செய்து ஓர் ஒலிநாடாவில் பதிந்துவைத்தார். நாடாவின் விளிம்பிலுள்ள சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு பதிவு செய்ய இயலாது. அத்தா அதனை உடைக்கவில்லை. 1996ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், புதுநாடா வாங்கக் காசின்றி, வீட்டிலிருந்த நாடாக்களுள் ஒன்றை எடுத்துக் கடையில் கொடுத்துத் திரைப்பாடல்களைப் பதிந்து வந்தேன். அது எந்த நாடா என்பதை வீடு திரும்பிய பின்னரே அறிந்தேன். அதற்கு முந்திய ஆண்டே நன்னி மறைந்துவிட்டிருந்தார். அத்தா என்னை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. நாடாவின் இறுதியில், என் பாடல்கள் முடிந்தபின், அரைநிமிட அளவில் நன்னியின் குரல் எஞ்சியிருந்தது. அதனை மட்டும் பலமுறை சுழலவிட்டுக் கேட்டார்.

தகடூர் யாத்திரை எவ்வாறு அழிந்திருக்கும் என்று எவரேனும் கேட்டால், பகைவர் எரித்திருக்க வேண்டுவதில்லை என்பேன். அருமை அறியாத ஒரு சிறுவன் போதும்.

வகுப்பறையில் கையாளும் முறை

இப்பயிற்சியை முதன்முறை அளித்தபோது நான் தோற்றேன். "அன்பு என்னும் பொருளில் பத்துப் பாடல்கள் கொணர்க" என்றேன். மறுநாள் வந்த பட்டியல்கள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தன. கைப்பேசியில் சொல்லைத் தட்டினர், செயலி பட்டியலை நீட்டியது, அதனைப் பெயர்த்தெழுதினர். 2008இல் சுவீடன் நாட்டில் தொடங்கி 2019இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள், நாம் கேட்டவற்றைக் கணக்கிட்டு அவற்றையொத்தனவற்றையே முன்வைக்கின்றன. அது வசதியே. ஆனால் நாம் இதுவரை கேட்டிராத ஒன்றை, பாட்டியின் வாயில் மட்டுமே வாழும் ஒன்றை, அது எங்ஙனம் அறியும்?

ஆகவே முறையை மாற்றினேன். இப்பொழுது கையாளும் படிகள் வருமாறு:

முதற்படி, பொருளைக் கூர்மையாக்கல். 'அன்பு' என்பது கடல். 'பிழைப்புக்காக ஊர்விட்டுப் பிரிதல்' என்பது கிணறு. கிணற்றில்தான் நீர் இறைக்க முடியும்.

இரண்டாம் படி, தேடல். பத்துள் இரண்டேனும் பழந்தமிழ் இலக்கியத்திலிருந்தும், இரண்டேனும் வீட்டாரிடமோ ஊராரிடமோ கேட்டுப் பதிந்தனவாகவும் இருத்தல் வேண்டும். எஞ்சியவை திரைப்பாடலாகவோ, மெல்லிசையாகவோ, இறைவாழ்த்தாகவோ இருக்கலாம்.

மூன்றாம் படி, காரணம். ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று வாக்கியங்கள் எழுத வேண்டும். 'எனக்குப் பிடிக்கும்' என்பது காரணமாகாது. நீக்கிய பாடல்களுள் இரண்டைக் குறித்து, நீக்கியது ஏன் என்றும் எழுத வேண்டும். தெரிவின் திறம் கொண்டதில் மட்டுமன்றித் தள்ளியதிலும் விளங்கும்.

நான்காம் படி, வரிசையும் இணைப்புரையும். எதில் தொடங்கி எதில் முடிப்பது? ஒத்தவற்றை அடுத்தடுத்து வைப்பதா, முரண்பட்டவற்றையா? வானொலி அறிவிப்பாளர் போன்று இணைப்புரையை எழுதி, நல்ல ஒலிப்புடன் படிக்க வேண்டும்.

ஐந்தாம் படி, தலைப்பிடுதலும் பெயர் குறித்தலும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆண்டு ஆகியன பிழையற இருத்தல் வேண்டும். நாட்டுப்பாடலாயின் பாடியவரின் இசைவைப் பெற்று, ஊரும் நாளும் குறிக்க வேண்டும்.

இம்முறையால் விளைந்த ஒரு தொகுப்பைச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்து மக்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை நாடிச் செல்வது யாவரும் அறிந்ததே. ஐவர் கொண்ட ஒரு குழு 'பிழைப்புக்காகப் பிரிதல்' என்னும் பொருளை எடுத்துக்கொண்டது. பொருள்வயிற் பிரிவைப் பாடும் பாலைப் பாட்டொன்றைக் குறுந்தொகையிலிருந்து முதலில் வைத்தனர். அடுத்துக் கேரளத்து மாப்பிள்ளைப் பாடல் மரபில் 1970களின் இறுதியில் எஸ். ஏ. ஜமீல் படைத்த 'துபாய்க் கத்துப்பாட்டு'. வளைகுடா சென்ற கணவனுக்கு மனைவி எழுதும் கடிதமாக அமைந்தது அது. சங்கத் தலைவியும் மலபார்ப் பெண்ணும் அடுத்தடுத்து நின்றபோது, ஈராயிரம் ஆண்டு இடைவெளி ஓர் இணைப்புரையில் கடக்கப்பட்டது. இறுதிப் பாட்டு, மாணவி ஒருத்தி தன் பாட்டியிடம் பதிந்துவந்த நாற்று நடவுப் பாட்டு. வேலைக்குப் போன மகனை நினைந்து, தாமே ஓரடி கட்டிச் சேர்த்திருந்தார் அம்மூதாட்டி. பாட்டு முடிந்ததும் வகுப்பில் ஓசையில்லை. அம்மகன் அம்மாணவியின் தந்தை என்பது பிறகே எங்களுக்குத் தெரியவந்தது.

ஓர் ஐயமும் விடையும்

இப்பயிற்சி பற்றிக் கேள்வியுற்ற சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, நம் கல்லூரியில் பாட்டும் கூத்தும் எதற்கு?" என்று கேட்டார். வினா நியாயமானது. இசைக்கருவிகள் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன. அவ்விவாதத்துள் புகுவது தமிழாசிரியன் பணியன்று. மாணவர் எவரையும் அவர்தம் மனச்சான்றுக்கு மாறாக நடக்கச் செய்வதும் என் கருத்தன்று. ஆகவே கருவியிசை கேட்க விரும்பாதோர், பாட்டின் சொற்களை மட்டும் படித்துக் காட்டலாம். கருவியின்றி வாய்ப்பாட்டாகவும் அமைக்கலாம். முனாஜாத்துகளை மட்டுமே தொகுக்கலாம் என முதலிலிருந்தே இடமளித்துள்ளேன். அவ்வாறு அமைந்த தொகுப்புகள் எவ்வகையிலும் குறைபட்டனவல்ல. நாகூர் இ. எம். ஹனீஃபாவின் (1925–2015) பாடல்களில் சொல் எவ்வளவு தெளிவாக ஒலிக்கிறது என்று ஆராய்ந்து ஒரு மாணவன் எழுதிய குறிப்பு, ஆய்வு மாணவர்க்கும் பயன்படத்தக்கது.

இவற்றை விளக்கி, நன்னியின் ஒலிநாடாவைப் பற்றியும் பெரியவரிடம் கூறினேன். சிறிது நேரம் வாளாவிருந்தார். பின்னர், "எங்கள் அம்மா பிள்ளைகளை உறங்கவைக்கப் பாடிய தாலாட்டு ஒன்று எனக்குப் பாதி நினைவிருக்கிறது. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் ஒருவரை அனுப்பி வையுங்கள்" என்றார். அனுப்பினேன். பாதித் தாலாட்டு இப்பொழுது எங்கள் துறையில் உள்ளது. மற்றப் பாதியை அறிந்தோர் எங்கேனும் இருத்தல் கூடும்.

நிறைவாக

தொகுத்தலைக் கற்ற மாணவர்க்கு மூன்று நன்மைகள் விளைகின்றன. படிப்பதில் கூர்மை உண்டாகிறது. ஏனெனில் ஒப்பிட்டாலன்றித் தெரிவு செய்ய இயலாது. எழுத்தில் கட்டுக்கோப்பு உண்டாகிறது. ஏனெனில் வரிசைக்குக் காரணம் சொல்ல வேண்டும். மூத்தோரிடம் மதிப்பு உண்டாகிறது. ஏனெனில் தம் வீட்டு முற்றத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பவர் ஒரு சுவடிச்சாலை என்பதை அவர்கள் காண்கின்றனர்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விடுமுறையில் உங்கள் பாட்டியிடமோ பாட்டனிடமோ அமர்ந்து, அவர்கள் அறிந்த ஒரு பாட்டைக் கேளுங்கள். இசைவு பெற்றுப் பதியுங்கள். பெயரும் ஊரும் நாளும் எழுதுங்கள். பிறகு அப்பதிவின் படியொன்றை வேறோரிடத்தில் வையுங்கள். அக்காலத்தில் தகட்டை உடைப்பதற்கு ஈடான செயல் இக்காலத்தில் அதுவே. பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வந்து கேட்டால், "இதெல்லாம் எதற்கு?" என்று கூறாதீர்கள், பாடுங்கள். குரல் தழுதழுத்தாலும் பாடுங்கள்.

பெயர் அறியப்படாத ஒருவர் அன்று திரட்டியதால் தகடூரின் குரல் நம் செவியை எட்டியது. இன்று நாம் திரட்டுவது யார் செவியை எட்டுமோ, இறைவனே அறிவான். திரட்டுதல் நம் கடன்.